கமா போட்டதில் இரண்டு காக்காவைக் காணோம்

(தேர்வுக்கான ஆங்கில இலக்கணமும் நிறுத்தக்குறியும் எப்படிப் பிடிபட்டன என்று நான்கு பேர் பேசிக்கொண்டது)

தங்கச்சிமடத்துக்காரன்:

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் இரண்டு தடவை கவிழ்ந்தவன் நான். கணக்கும் பொது அறிவும் எப்படியோ கரைக்குக் கொண்டுவந்துவிடும். ஆங்கிலத்தில் தரைதட்டிவிடுவேன். முதல் கட்டத் தேர்வில் அதற்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தப்பாக ஒன்றைத் தொட்டால் அரை மதிப்பெண் கையை விட்டுப் போகும். தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில்தான் நான் அதிகமாக இழந்தேன். ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்த இலக்கணப் புத்தகம் ஒன்றை அட்டையிலிருந்து அட்டை வரை மனப்பாடம் செய்திருந்தேன். 140-க்கு மேல் விதி இருந்தது. பரீட்சை அறையில் ஒன்றுகூட நேரத்துக்கு வரவில்லை.

மூன்றாவது தடவைக்குப் படித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, அதனால் அப்பா வீட்டில்தான் இருப்பார். திண்ணையில் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்: "ஒன் ஆஃப் தி போட்ஸ் ஹேவ் நாட் ரிட்டர்ன்டு." போட்ஸ் என்றால் பன்மை, ஹேவும் பன்மை, ஆகவே தப்பில்லை என்று டிக் போட்டேன். விடையில் தப்பு என்று இருந்தது.

அப்பா அஞ்சாவது வரைதான் படித்தவர். "என்னடா, திட்டுற மாதிரி படிக்கிற?" என்றார்.

"போட்டுல ஒண்ணு இன்னும் கரைக்கு வரலையாம்ப்பா. அதுல என்ன தப்புன்னு கேக்குறான்."

ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எத்தனை போட்டு வரலை?"

"ஒண்ணு."

"அப்புறம் என்ன?"

சரிதானே? வராதது ஒன்று, அதற்கு 'ஹேஸ்'. கரையில் நிற்கிற பத்துப் படகைப் பற்றி அந்த வாக்கியம் பேசவே இல்லை. அன்றிலிருந்து எந்த வாக்கியம் வந்தாலும் 'எத்தனை?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போவேன். 'தி லிஸ்ட் ஆஃப் ஒர்க்கர்ஸ், அலாங் வித் தேர் ஐடி கார்ட்ஸ்' என்று நீட்டினால் நடுவில் இருப்பதைப் பென்சிலால் அடித்துவிடுவேன். மிஞ்சுவது ஒரு பட்டியல், ஆகவே 'வாஸ்'. அலாங் வித், ஆஸ் வெல் ஆஸ் என்று வருகிறவர்கள் எல்லாம் கல்யாண வீட்டு விருந்தாளிகள். சாப்பிடலாம், மொய் நோட்டில் வீட்டுக்காரர் ஆக முடியாது.

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நாக்கு பழகியதால் 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டக் கூடாது. தகவல்கள், அறிவுரைகள் என்று சொல்லிச் சொல்லி 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்று எழுதிவிடுவோம். இரண்டுமே தப்பு. இப்படி என்னை வழுக்க வைப்பவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று பக்கம்கூட வரவில்லை.

கீழக்கரைப் பொண்ணு:

நான் நர்ஸ். லண்டன் பக்கம் போக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். அதில் மதிப்பெண்ணை 'பேண்டு' என்பார்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிய எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். எனக்குப் பேச்சு, கேட்பு, வாசிப்பு எல்லாம் 7 தாண்டியது. எழுத்து மட்டும் 6. அரை பேண்டுக்காக உம்மா மூன்று நோன்பு நேர்ந்துகொண்டார்.

எழுத்துக்கு 60 நிமிடம். ஒன்று 150 வார்த்தை, இன்னொன்று 250. மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்கு, நிறுத்தக்குறியும் அதில் சேர்த்தி. இது எனக்கு முதல் தடவை தெரியாது. வெளிநாட்டு வேலை பற்றிய பயிற்சிக் கட்டுரையில் "மை பிரதர், ஹூ ஒர்க்ஸ் இன் துபாய், சப்போர்ட்ஸ் அவர் ஃபேமிலி" என்று எழுதியிருந்தேன். ராமநாதபுரத்தில் சொல்லிக்கொடுத்த மேடம் அதை வட்டம் போட்டு, "உனக்கு ஒரே அண்ணனாம்மா?" என்றார். எங்கள் பக்கம் அண்ணனைக் 'காக்கா' என்போம். "மூணு காக்கா மேடம், ரெண்டு பேர் இங்கேயே இருக்காங்க." "அப்போ அவங்க எங்கே?" எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டு பக்கமும் கமா போட்டால் 'துபாயில் இருக்கிறார்' என்பது கூடுதல் செய்தி, அண்ணன் ஒருவர்தான் என்று ஆகிவிடும். கமாவை எடுத்தால் 'பல அண்ணன்களில் துபாயில் இருப்பவர்' என்று பொருள். கமா போட்ட பாவத்துக்கு என் இரண்டு காக்காவைக் காணாமல் ஆக்கியிருக்கிறேன்! வீட்டில் சொன்னபோது சின்னக் காக்கா ஒரு வாரம் என்னைக் 'கமா' என்றே கூப்பிட்டார்.

மேடம் சொன்ன இன்னொன்று. கமா காற்புள்ளி, செமிகோலன் அரைப்புள்ளி, கோலன் முக்காற்புள்ளி, கடைசியில் முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழு என்று பெயரிலேயே அளவு இருக்கிறது. நாம் 'படகு பழசு, தண்ணி ஏறுது' என்று இரண்டு முழு வாக்கியத்தைக் காலால் கட்டிவிடுவோம், தமிழில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கட்டு நிற்காது. அரையாவது வேண்டும், இல்லையென்றால் முழுசாக நிறுத்து, அதுவும் இல்லையென்றால் கமாவோடு ஓர் 'அண்ட்'டோ 'ஸோ'வோ சேர். இதைத் தெரிந்துகொண்ட குஷியில் அடுத்த கட்டுரையில் பதினோரு செமிகோலன் போட்டு அதற்கும் திட்டு வாங்கினேன். இரண்டாவது தடவை எழுத்தில் 6.5 வந்தது, துல்லியமாக அரை.

உப்புக்காற்று:

எனக்கு 'இட்ஸ்' மட்டும்தான் பகை. மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) இல்லாவிட்டால் அது 'அதனுடைய'. இப்போது ஒரே வேலை செய்கிறேன்: மேற்குறி இருந்தால் 'இட் இஸ்' என்றோ 'இட் ஹேஸ்' என்றோ பிரித்துப் படிப்பேன். வாக்கியம் உளறினால் மேற்குறியைத் தூக்கிவிடுவேன்.

மண்டபம் டியூஷன்:

தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு சின்ன மறுப்பு. அப்பா கேட்ட கேள்வி தங்கம். ஆனால் 'தமிழில் சொல்லிப் பார்' என்று பிள்ளைகளிடம் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். நாம் பேசுவது 'படகெல்லாம் வந்துருச்சு', 'மாடுங்க போச்சு'. எழுத்தில்தான் வந்தன, போயின. பேச்சில் அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போட்டே வளர்ந்த பிள்ளை 'தி போட்ஸ் ஹேஸ் கம்' என்று எழுதாமல் வேறு என்ன எழுதும்? என்னிடம் வருகிற பத்தில் ஏழு பேர் இதைத்தான் எழுதுகிறார்கள். அவர்களை முதலில் 'வந்தன' என்று சொல்ல வைக்கிறேன்.

நிறுத்தக்குறிக்கு மட்டும் நான் திட்டுவதில்லை. நம் ஓலைச்சுவடியில் கமா ஏது, முற்றுப்புள்ளி ஏது? குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இந்தக் குறிகள் நமக்கு அச்சோடு வந்தவை.

இந்த வருடம் ஒரு பையன் அமெரிக்கக் கல்லூரியில் சேருவதற்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் படிக்கிறான். அதில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 54 கேள்வி, 64 நிமிடம், ஏறக்குறைய கால்வாசி இந்த இலக்கணமும் குறியும்தான். தப்புக்குக் கழிவு கிடையாது, அதனால் எதையும் காலியாக விடாதே என்று சொல்லியிருக்கிறேன். எஸ்.எஸ்.சி. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பாவம், மூழ்கிவிடுவார்கள்.

தங்கச்சிமடத்துக்காரன்:

அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் கேள்வியே ஒரு இடத்தில் தோற்றது. "நீதர் தி ஓனர் நார் தி ஒர்க்கர்ஸ்", அப்புறம் 'வாஸ்' வருமா, 'வேர்' வருமா? வினைக்குப் பக்கத்தில் இருப்பது ஒர்க்கர்ஸ், ஆகவே 'வேர்' என்பது விதி. இதையும் அப்பாவிடம் கேட்டுப் பார்ப்போமே என்று, "ஓனரும் வரலை, தொழிலாளிகளும் வரலை, இப்போ எத்தனைப்பா?" என்றேன்.

வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "யாருமே வரலைன்னா என்னத்தடா எண்ணுறது?"

அந்த ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.