1962 ஜூலை 12, மார்க்கீ கிளப்: டிரம்ஸ் வாசித்தது யார்?

தாளக்கட்டு:
பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் கச்சேரியிலேயே சார்லி வாட்ஸ் டிரம்ஸ் வாசித்தார் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். அதற்குப் பாராட்டுகள் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வாட்ஸ் அந்தக் குழுவில் சேர்ந்ததே 1963 ஜனவரியில்தான். லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் இருந்த மார்க்கீயில் அன்று வாசித்தவர் மிக் ஏவரி, பின்னாளில் கிங்க்ஸ் குழுவுக்குப் போனவர். அந்த வார 'ஜாஸ் நியூஸ்' இதழில் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது.

ஈலிங்வாசி:
அந்த ஏவரியே மறுக்கிறாரே! ஒத்திகைக்குப் போனேன், மேடையேறவில்லை என்கிறார். வாசிக்கவில்லை என்று சொல்பவர் கையில் குச்சியைத் திணிக்க நீங்கள் யார்?

தாளக்கட்டு:
அச்சில் இருக்கிறது ஐயா, அச்சில். கீத் ரிச்சர்ட்ஸும் தன் சுயசரிதையில் ஏவரி என்றுதான் சொல்கிறார். அன்று வாசித்ததாகச் சிலர் சொல்லும் டோனி சாப்மேன் இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறார். மேடையில் கிட்டார் வாசித்தவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

ஈலிங்வாசி:
அந்த இதழ் வந்தது கச்சேரிக்கு முன்பு. குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பிரையன் ஜோன்ஸின் பெயர்கூட அதில் அவரது மேடைப் பெயரான எல்மோ லூயிஸ்தான். கல்யாணப் பத்திரிகையில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சாதிப்பீர்களா?

நீலத்தட்டு:
ஒரு மாலை வாசிப்புக்கு இவ்வளவு சண்டையா? மார்க்கீயில் வழக்கமாக வாசித்த அலெக்சிஸ் கோர்னரின் குழு, புளூஸ் இன்கார்ப்பரேட்டட், அன்று பிபிசி வானொலிக்குப் போனது. அதனால்தான் இந்தப் பையன்களுக்கு மார்க்கீ மேடையே கிடைத்தது. வாட்ஸ், ஜிஞ்சர் பேக்கர், ஜாக் புரூஸ் எல்லோரும் கோர்னரிடம் வாசித்தவர்கள். பிரிட்டிஷ் ராக் வளர்ந்தது ஜாஸ்காரர்களின் நிழலில். மார்க்கீயில் பதிவான அந்தக் குழுவின் முதல் எல்பி இசைத்தட்டைக் கேட்டால் புரியும்.

தாளக்கட்டு:
மார்க்கீயில் பதிவானதா? தலைப்பில்தான் மார்க்கீ. பதிவு நடந்தது டெக்கா ஸ்டூடியோவில். அதில் டிரம்ஸ் வாட்ஸும் இல்லை, பேக்கரும் இல்லை, கிரஹாம் பர்பிட்ஜ். ஆர்கன் கலைஞர் கிரஹாம் பாண்ட் பற்றி இங்கே முன்பு நடந்த விவாதத்தில் ஜான் மெக்லாக்ளின் அவருடன் வாசித்ததே இல்லை என்று அடித்துப் பேசியவர்தானே நீங்கள்? நான் மறக்கவில்லை. 1963இல் புரூஸ், பேக்கர் இருவரோடும் பாண்டின் குழுவில் கிட்டார் வாசித்தவர் மெக்லாக்ளின்.

நீலத்தட்டு:
நான் பேசியது பாண்டின் குழு 'ஆர்கனைசேஷன்' என்ற பெயரில் இருந்த காலம் பற்றி. மெக்லாக்ளின் போய், டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித் சாக்ஸபோனோடு வந்த பிறகே அந்தப் பெயர் வந்தது. அன்றும் நீங்கள் முழுதாகப் படிக்காமல்தான் பாய்ந்தீர்கள்.

தாளக்கட்டு:
முழுதாகத்தான் படித்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

ஈலிங்வாசி:
பேச்சைத் திருப்ப வேண்டாம். ஏவரி மறுத்தாரா, இல்லையா?

தாளக்கட்டு:
மறுத்தார். அதனால் என்ன? ரிச்சர்ட்ஸின் நினைவைச் சந்தேகிக்கிறீர்கள், ஏவரியின் நினைவை மட்டும் அப்படியே நம்புகிறீர்கள். என்னிடம் அச்சிட்ட இதழ் இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?

ஈலிங்வாசி:
அன்று குச்சியைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் டிரம்மர் இருக்கிறார்.

தாளக்கட்டு:
இதழில் ஏவரி பெயர்தான் இருக்கிறது. சாப்மேன் பெயர் எங்கே அச்சாகியிருக்கிறது? காட்டுங்கள், பிறகு பேசுவோம்.