குரல் மாடலில் கமகம் உடைகிறது, ழகரம் தேய்கிறது. என்ன செய்யலாம்?

மெட்டுக்காரன்:
என் மெட்டுக்கு நானே ட்ராக் பாடி, அதைத் தோழி ஒருவரின் குரலுக்கு ஆர்விசி என்கிற ஏஐ குரல் மாற்று மென்பொருளில் மாற்றுகிறேன். அவருடைய பழைய மேடைப் பதிவுகளிலிருந்து குரலை மட்டும் பிரித்து மாடலை ட்ரெயின் பண்ணினேன். பதிவுகளைக் கொடுத்தவரும் அவர்தான். நீட்டிப் பாடும் இடங்களில் அச்சு அசல் அவரே. கமகம் வந்தால் போச்சு: குரல் கரகரக்கிறது, திடீரென்று மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. 'மழை' என்று பாடினால் 'மலை' என்று கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் ட்ரெயின் பண்ணினால் சரியாகுமா?

ஒலிமேசை:
ஆகாது, நண்பரே. கோளாறு நீங்கள் கொடுத்த ஒலியில் இருக்கிறது. மேடைப் பதிவு என்றால் அரங்கின் எதிரொலியும் மைக்கில் கசிந்த பக்கவாத்தியமும் இருக்கும். குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாக்கும் டெமுக்ஸ் மென்பொருளில் பிரித்தாலும் வயலினின் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். மாடல் அதையும் சேர்த்து அவர் குரல் என்றே படித்துக்கொள்ளும். எஃபெக்ட் எதுவும் போடாத 10 நிமிடப் பதிவு போதும், மணிக்கணக்கான மேடைப் பதிவைவிட அது மேல். ஸ்தாயி மாற்றங்கள், மெல்லிய குரல், உரத்த குரல் எல்லாம் அதில் வரட்டும்.

தாவுவதற்குக் காரணம், சுருதி கண்டுபிடிக்கும் பகுதி அடிப்படை அதிர்வெண்ணை விட்டுவிட்டு அதன் இரட்டிப்பைப் பிடித்துக்கொள்வது. சுருதி கண்டுபிடிக்கும் முறையை ஆர்எம்விபிஇ என்பதற்கு மாற்றிப் பாருங்கள்.

ழகரத்துக்கு வருகிறேன். உங்கள் ட்ராக்கிலிருந்து உச்சரிப்பை எடுத்துக் கொடுக்கும் ஹூபர்ட் வகை மாடல் ஆங்கிலப் பேச்சில் பழகியது. ல, ள, ழ வேறுபாடு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். தோழி கொடுக்கும் பதிவில் இந்த எழுத்துகள் நிறைய வரும்படி பாடச் சொல்லுங்கள். மெய்களையும் மூச்சையும் காக்க ஆர்விசியில் இருக்கும் ப்ரொடெக்ட் என்ற அமைப்பு 0.5-இல் இருந்தால் அது வேலையே செய்யாது, 0.33-க்கு இறக்கினால் வல்லின மெய்களும் மூச்சும் தப்பிக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. மாடல் தருவது குரலின் நிறம் மட்டுமே. எங்கே மூச்சு வாங்குவது, சுரத்தை எவ்வளவு அசைப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது எல்லாம் நீங்கள் பாடியது. கேட்பவர் அது உங்கள் தோழி பாடியது என்றுதான் நினைப்பார். பதிவைக் கொடுத்தார் சரி, தான் பாடாத பாட்டுக்குத் தன் குரலைக் கொடுக்கச் சம்மதித்தாரா? அதைத் தனியாகக் கேளுங்கள்.

பின்னணிக்குரல்:
நான் டப்பிங் பேசுகிறவள். ஒரு படத்துக்கு விவரணை பேசிக் கொடுத்தேன். பின்னால் பார்த்தால் நான் பேசாத வாக்கியங்கள் என் குரலில் ஓடுகின்றன. வயிறு எரிந்தது. அதனால் சொல்கிறேன், எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பாட்டு, எவ்வளவு காலம், மாடல் ஃபைல் யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பீர்கள். இந்திப் பாடகர் அரிஜித் சிங் தன் குரலை ஏஐ கருவிகள் நகலெடுப்பதை எதிர்த்துப் போன வழக்கில், 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்திருக்கிறது. அதே ஆண்டு ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் இருவரின் குரலைக் குடும்பத்தாரின் அனுமதியோடு, சம்பளமும் கொடுத்துத்தான் பயன்படுத்தினார்.

மெட்டுக்காரன்:
அவரிடம் பேசிவிட்டேன். சரணத்தைத் தானே பாடுகிறேன் என்கிறார். கோரஸுக்கு மட்டும் மாடல். க்ரெடிட்டில் அதையும் குறிப்பிடச் சொன்னார், போடுகிறேன். கோரஸுக்கு ஒரே டேக்கை நான்காக நகலெடுத்து அடுக்கலாமா?

ஒலிமேசை:
வேண்டாம். நகல் அடுக்கினால் சத்தம்தான் கூடும், நாலு பேர் பாடுவது போல் இருக்காது. நான்கு முறை தனித்தனியாகப் பாடி, ஒவ்வொன்றாக மாற்றி அடுக்குங்கள்.