ஸ்பீட்ரன் புதுசாத் தொடங்கினால் போட்டிக்கு நிக்க எவ்வளவு காலம் எடுக்கும்?

இரணைமடு | கிளிநொச்சி

வணக்கம். ஸ்பீட்ரன், அதாவது ஒரு கேமை ஏலுமான அளவு கெதியா முடிக்கிற ஓட்டம், ஓடத் தொடங்கப் போறன். நாளுக்கு ஒண்டரை மணித்தியாலம், கிழமைக்கு 5 நாள் ஒதுக்கலாம். ஐ5 லப்டொப், 8 ஜிபி ரம், தனிக் கிராபிக்ஸ் காட் இல்லை. கொன்ட்ரோலரும் இல்லை, கீபோட்தான். இன்டர்நெட் போன் ஹொட்ஸ்பொட்டில. கரண்ட் இடைக்கிடை போய் வரும்.

யோசிச்சு வைச்சிருக்கிற கேம் மூண்டு: 1985 ஆம் ஆண்டுச் சுப்பர் மாரியோ, செலஸ்ட், மைன்கிராஃப்ட். எதில தொடங்கினால் கெதியாப் போட்டிக்கு நிக்கலாம்? எத்தினை மாதம் எடுக்கும்? இந்தச் சாமான் காணுமோ, இல்லாட்டி முதல்ல காசு சேர்க்கவேணுமோ?

பாலைப்பழம் | மாங்குளம்

தம்பி, மாதத்தை விடுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குள்ள எத்தினை தரம் ஓடிப் பாக்கலாம் எண்டதுதான் கணக்கு. மாரியோவில முழு ஓட்டம் 5, 6 நிமிசம். பிழைச்ச உடன ரீசெட் (திரும்ப முதல்லயிருந்து) அடிச்சால் உங்கட ஒண்டரை மணித்தியாலத்தில 40, 50 தரம் தொடங்கலாம். செலஸ்ட் புது ஆளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகும். அப்ப ஒரு பின்னேரத்துக்கு ஒரு ஓட்டம்தான். ஓட்டம் சின்னனா இருக்க இருக்க, செய்த பிழை உடன முன்னால வந்து நிக்கும், கையும் கெதியாத் திருந்தும்.

"போட்டிக்கு நிக்கிறது" எண்டால் என்ன எண்டதையும் முதல்ல முடிவு செய்யுங்கோ. ஓட்ட நேரங்களின்ர பட்டியலில பேர் வாறது ஒண்டு. பட்டியலின்ர நடுவைத் தாண்டுறது இன்னொண்டு. மேல நிக்கிற ஆக்களோட மல்லுக்கட்டுறது முழுக்க வேற. உங்கட கிழமைக்கு ஏழரை மணித்தியாலத்தை வைச்சு, மாரியோவின்ர எனிபர்சென்ற் (எப்பிடியாவது கெதியா முடிவுக்குப் போறது) பிரிவுக்கு என்ர மதிப்பீடு இது: 2 கிழமைக்குள்ள ஒரு ஓட்டத்தை முடிக்கலாம். ஒண்டரை மாதத்தில 6 நிமிசத்துக்குக் கீழ வரலாம். 4 மாதமளவில 5:20 பக்கம். 5 நிமிசத்தை உடைக்க ஒரு வருசம் வையுங்கோ, சிலருக்கு அதுக்கும் மேல. அதுக்குப் பிறகு கிடக்கிறது 5, 6 செக்கன்தான், ஆனா அந்தச் செக்கனுகளுக்கு வருசக்கணக்காப் போகும். 1985 இல வந்த கேமில 4:55 எண்ட எல்லையை நிஃப்ட்ஸ்கி எண்ட ஓட்டக்காரர் முதல் தரம் உடைச்சது 2021 ஏப்ரலில. இதிலயிருந்தே விளங்கும்.

ஏன் இப்பிடி இழுபடுது எண்டதுக்கு ஒரு சின்னக் கணக்கு. மாரியோவில ஓடவேண்டியது 8 கட்டம் (முதல் எண் உலகம், ரெண்டாவது அதுக்குள்ள கட்டம்): 1-1, 1-2, 4-1, 4-2, பிறகு 8-1 இலயிருந்து 8-4 வரை. ஒவ்வொரு கட்டத்தையும் பத்துக்கு எட்டுத் தரம் சரியாச் செய்யிற ஆள் எண்டு வையுங்கோ. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எட்டும் ஒரே ஓட்டத்தில சரிவர வாய்ப்பு 17 வீதம்தான். பத்துக்கு ஒன்பதாக்கினால் 43 வீதம். ஏழு கட்டம் பத்துக்கு ஒன்பது, ஒண்டு மட்டும் பத்துக்கு அஞ்சு எண்டால் 24 வீதத்துக்கு விழுந்திடும். அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினாலே ஓட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாத் தேறும். புதுசா வாற ஆக்கள் இதைச் செய்யிறேல்ல. 1-1 இலயிருந்து திரும்பத் திரும்பத் தொடங்குவினம். மூண்டு மாதத்துக்குப் பிறகு பாத்தால் 1-1 ஐ 3000 தரம் ஓடியிருப்பினம், 8-4 ஐ 20 தரம். ஒரு நாள் நல்ல ஓட்டம் 8-4 வரை வரும்போது கை நடுங்கி விழுறது அதாலதான். பதறாத காரியம் சிதறாது எண்டு சொல்லுறது லேசு. அந்த இடத்தை முன்னமே நூறு தரம் கண்டிருந்தால்தான் பதறாமல் இருக்கலாம்.

அதனால நேரத்தைப் பிரியுங்கோ. முதல் 50 நிமிசம் சேவ்ஸ்ரேற் (நிண்ட இடத்தைச் சேமிச்சு அங்கயிருந்தே திரும்பத் தொடங்கிற வசதி) வைச்சு ஒரே ஒரு இடம். அடுத்தடுத்து 10 தரம் சரிவாற வரைக்கும் அதை விட்டு அரக்கவேண்டாம். 7 சரிவந்து 8 ஆவது பிழைச்சால் திரும்ப ஒண்டிலயிருந்து. மிச்ச 40 நிமிசம் முழு ஓட்டம். முதல் மாதம் ரீசெட் அடிக்கவே வேண்டாம், செத்தாலும் முடிவு வரை போங்கோ.

லைவ்ஸ்பிளிட் எண்ட ரைமரை இறக்குங்கோ, காசில்லை. கட்டத்துக்கு ஒரு ஸ்பிளிட் (தனி நேரக் குறிப்பு) போடுங்கோ. உங்கட சொந்தச் சாதனையைப் போலவே 'சம் ஒஃப் பெஸ்ட்' எண்டதையும் பாருங்கோ. அது ஒவ்வொரு கட்டத்திலயும் நீங்கள் எடுத்த திறம் நேரங்களைக் கூட்டி வாறது. சொந்தச் சாதனை 6:10, அது 5:35 எண்டு வையுங்கோ. அந்த 35 செக்கன் உங்கட கையிலயே கிடக்கு, புதுக் கிளிச் (கேமின்ர குறைபாட்டைப் பயன்படுத்திற தந்திரம்) ஒண்டும் படிக்கத் தேவையில்லை, தடுமாற்றத்தைக் குறைச்சால் காணும். வித்தியாசம் 6, 7 செக்கனுக்குள்ள சுருங்கினால்தான் புதுப் பாதை தேடவேணும். ஆத்திலை போட்டாலும் அளந்து போடு எண்டது இந்த விளையாட்டுக்கு அப்பிடியே பொருந்தும்.

முதிரை | ஒட்டுசுட்டான்

பாலைப்பழம் அண்ணை சொன்ன பயிற்சி முறை சரி. கேம் தெரிவில மட்டும் எனக்கு வேற கருத்து. செலஸ்டில செத்தால் அதே அறையிலயே திரும்ப எழும்பலாம், போறது 2, 3 செக்கன்தான். ஓட்டம் முழுக்க அழியாது. அதனால புது ஆளின்ர முதல் ஓட்டமே முடியும், அதை அனுப்பவும் செய்யலாம். ஒரு மணித்தியாலத்துக்குக் கீழ வாறது முதல் இலக்கு, பிறகு 40 நிமிசம். 30 நிமிசத்துக்குக் கீழ எண்டால் அது கெட்டிக்காரரின்ர இடம். கேமுக்குள்ளயே ரைமர் இருக்கு, பழைய லப்டொப்பிலயும் செக்கனுக்கு 60 பிரேம் (திரைப்படம்) விடாமல் ஓடும். பயிற்சிக்கு எவரெஸ்ட் எண்ட மொட் (கேமுக்கு மேல ஏத்திற கூடுதல் மென்பொருள்) ஏத்தி, அதுக்கு மேல ஸ்பீட்ரன் ரூல் போட்டால் எந்த அறையிலயும் சேவ்ஸ்ரேற் வைக்கலாம். ஸ்ரீம் எண்ட இணையக் கடையில விலைக்கழிவு வரேக்க வாங்குங்கோ. கடையில பென்றைவில ஏத்தித் தாற பதிப்பு வேண்டாம். பதிப்பு எண் மாறிக் கிடக்கும், தானாகப் பிரிக்கிற ஓட்டோஸ்பிளிற்றர் வேலை செய்யாது, பரிசோதிக்கிறவையும் கேள்வி கேப்பினம்.

மைன்கிராஃப்டை இப்போதைக்கு வையுங்கோ. ரன்டம் சீட் (ஒவ்வொரு தரமும் புது உலகம் வாற) பிரிவில திறமைக்கு முன்னால உலகம் சரியா அமையவேணும். அதுக்காகத்தான் அந்தப் பிரிவுக்காரர் நாளுக்கு நூற்றுக்கணக்கா ரீசெட் அடிக்கினம். எண்ணிக்கையில பாத்தால் விளங்கும்: கடைசி வாசலுக்கு எண்டர் கண் 12 வேணும், அதுக்கு எண்டர் முத்து வேணும். தங்கக் கட்டியைப் பிக்லின் எண்ட கேம் உயிரினத்துக்குக் குடுத்து முத்து வாங்கிறதுதான் ஓட்டக்காரரின்ர முக்கிய வழி. 1.16.1 பதிப்பில ஒரு கட்டிக்கு முத்து வாற வாய்ப்பு 4.7 வீதம், வந்தால் 4 இலயிருந்து 8 வரை தரும். 1.16.2 இலயிருந்து அது 2.2 வீதமாக் குறைஞ்சு, வந்தாலும் 2 இலயிருந்து 4 தான். ஓட்டக்காரர் 1.16.1 ஐ விடாமல் பிடிச்சிருக்கிறது இதால. உங்கட லப்டொப்பில ஒவ்வொரு புது உலகமும் உருவாகும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கவேணும், ஒண்டரை மணித்தியாலத்தில பாதி அதிலயே போயிடும்.

வீரை | புதுக்குடியிருப்பு

சாமான் விசயம் மட்டும் சொல்லுறன்.

காசு சேர்க்கத் தேவையில்லை. மேல சொன்ன நிஃப்ட்ஸ்கி மாரியோ ஓடுறதே எமியூலேற்றரில (பழைய கேம் மெசினைக் கொம்பியூட்டரில பாவனை செய்யிற மென்பொருள்), கீபோட்டில. ஆனா இடமும் வலமும் ஒரே நேரம் அமர்த்துறது விதிக்கு முரண். உண்மையான கொன்ட்ரோலரில அது ஏலாது. எமியூலேற்றர் செற்றிங்கில அதைத் தடுத்து வைச்சிட்டுத்தான் பழகத் தொடங்குங்கோ, பிறகு கையை மாத்துறது பெரும்பாடு. மலிவுக் கீபோட்டில மூண்டு விசை ஒண்டா அமர்த்தினால் சிலவேளை ஒண்டு விழாது. ஓட்டம், பாய்ச்சல், திசை மூண்டையும் சேத்து அமர்த்திப் பாருங்கோ. ஒண்டு விழாட்டி அம்புக்குறி விசையை விட்டிட்டு ஏ, டி போன்ற எழுத்து விசையளுக்கு மாத்துங்கோ.

இணையம் மெதுவெண்டு யோசிக்கவே வேண்டாம். ஒன்லைன் சண்டைக் கேமில எங்கட பக்கத்து ஆக்களுக்குப் பிங் (சேவருக்குப் போய் வாற தாமதம்) ஒரு பெரிய தடை. ஸ்பீட்ரனில பிங் எண்ட சொல்லே இல்லை. ஓடுறது உங்கட லப்டொப்பில, அனுப்புறது வீடியோ. புதுக்குடியிருப்பில இருக்கிற ஆளும் டோக்கியோவில இருக்கிற ஆளும் ஒரே கோட்டில நிக்கிற போட்டி இது.

நேரலை தேவையில்லை. ஓபிஎஸ் எண்ட திரைப்பதிவு மென்பொருளில லப்டொப்புக்கே பதியுங்கோ. பதிவு வகையை எம்கேவி எண்டு வையுங்கோ, இது கட்டாயம். சாதாரண எம்பி4 இல பதியேக்க லப்டொப் நிண்டால் முழுக் கோப்பும் பழுது. எம்கேவி எண்டால் நிண்ட இடம் வரைக்கும் தப்பும். பிறகு ஓபிஎஸ்ஸுக்குள்ளயே ரீமக்ஸ் எண்டு குடுத்தால் எம்பி4 ஆக மாறும். என்கோடரை இன்ரெல் குவிக்சிங்க் எண்டு மாத்துங்கோ, இல்லாட்டி கேமும் பதிவும் ஒரே சிபியுவுக்கு அடிபட்டு பிரேம் விழும்.

டேட்டாக் கணக்கு: 720பி, 60 பிரேம், 2500 கேபிபிஎஸ் எண்டால் 5 நிமிச மாரியோ ஓட்டம் ஏறத்தாழ 94 எம்பி. ஒரு மணித்தியாலச் செலஸ்ட் 1.1 ஜிபி. ஓடின எல்லாத்தையும் ஏத்துறேல்ல, அனுப்பப் போற ஒண்டை மட்டும் யூரியூபில 'அன்லிஸ்ட்' எண்டு ஏத்தி, இணைப்பை ஓட்டப் பட்டியல் இருக்கிற ஸ்பீட்ரன் டொட் கொம் தளத்தில குடுங்கோ. இரவு டேட்டா இருந்தால் அதிலயே முடியும். கேம் சத்தம் வீடியோவில கேக்கவேணும். இடையில வெட்டி ஒட்டினால் நிராகரிப்பினம். ஓட்டங்களைப் பரிசோதிக்கிற மொடரேற்றர்மார் சம்பளமில்லாமல் பாக்கிற ஆக்கள், 2, 3 கிழமை எடுத்தாலும் பொறுங்கோ.

கரண்ட் போனால் லப்டொப் பற்றரிக்கு மாறி, தானா வேகத்தைக் குறைக்கும். ஓட்டத்துக்கு நடுவில பாய்ச்சல் பிந்துறது அதாலதான், கையில பிழையில்லை. பவர் ஒப்ஷனில பற்றரியிலயும் முழு வேகம் எண்டு மாத்தி வையுங்கோ. வைகாசி, ஆனி வெயிலில மத்தியானம் ஓடவேண்டாம். சூடேறினாலும் சிபியு வேகத்தைக் குறைக்கும். அடியில ரெண்டு மரக்கட்டை வைச்சுக் காத்துப் போக விடுங்கோ.

இன்னொண்டு. கசெற் போட்டு விளையாடுற பழைய ரிவி கேமில எடுத்த நேரத்தைக் கணக்கில எடுக்காதேங்கோ. அதுகள் நகல் மெசின், கனக்க 50 ஹேட்ஸில ஓடுறது. பட்டியலில கூடுதலான ஓட்டம் 60 ஹேட்ஸ் பதிப்பு. எமியூலேற்றரில என்ரிஎஸ்சி (60 ஹேட்ஸ் முறை) எண்டு தெரிவு செய்திருக்கோ எண்டு பாருங்கோ.

இரணைமடு | கிளிநொச்சி

மூண்டு பேருக்கும் நன்றி அண்ணையவை. மாரியோவிலயே தொடங்கப் போறன், ரீசெட் கணக்கு மனசில பட்டிட்டுது. ரெண்டு விசயம் விளங்கேல்ல. கட்ட முடிவில கொடி இறங்கிற நேரத்தை மிச்சம் பிடிக்கிற கொடிக்கம்பக் கிளிச், 8-2 குண்டுக் கிளிச் எல்லாம் முதல்லயே படிக்கவேணுமோ? 4-2 இல செடிக்கொடியில ஏறிப் போறதோ, குழாயால போறதோ?

பாலைப்பழம் | மாங்குளம்

ரெண்டு கிளிச்சும் இப்ப வேண்டாம். காரணம் 'பிரேம்ரூல்'. இந்தக் கேம் ஒரு கட்டம் முடிஞ்சு அடுத்ததுக்குப் போகலாமோ எண்டு 21 பிரேமுக்கு ஒருக்காத்தான் பாக்கும், அதாவது 0.35 செக்கனுக்கு ஒருக்கா. ஒவ்வொரு 0.35 செக்கனுக்கும் ஒரு பஸ் வெளிக்கிடுது எண்டு நினையுங்கோ. நீங்கள் 3 பிரேம் முந்தி வந்தாலும் 15 பிரேம் முந்தி வந்தாலும் ஏறுறது அதே பஸ்தான். அதனால 1-1 இல சின்னத் தடுமாற்றம் வந்த உடன ரீசெட் அடிக்காதேங்கோ, அதே பஸ்ஸைப் பிடிச்சிருக்கவும் கூடும். கொடிக்கம்பக் கிளிச் சரிவந்தால் மிஞ்சுறது அநேகமா ஒரு பஸ். 6 நிமிச ஓட்டக்காரருக்கு ஒரு சாவில போறது அதைவிடக் கனக்க மடங்கு.

4-2 இல முதல்ல செடிக்கொடியால ஏறுங்கோ. மறைஞ்ச கட்டியளை அடிச்சு எழுப்பிற ஒழுங்கை 20 தரம் செய்தால் கைக்கு வந்திடும். குழாய் வழி கொஞ்ச செக்கன் மிச்சம் பிடிக்கும், ஆனா அது ஏன் வேலை செய்யுது எண்டு விளங்கினால்தான் செய்யலாம். குழாய் எங்க கொண்டுபோய் விடும் எண்டதைக் கேம் தீர்மானிக்கிறது திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கு எண்டதை வைச்சு. மாரியோவைக் கட்டியில மோத விட்டு, திரையின்ர வழமையான இடத்திலயிருந்து 20 பிக்சலளவு வலப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தால், குழாய்க்குள்ள இறங்கேக்க திரை இன்னும் போதுமான தூரம் நகர்ந்திருக்காது. கேம் பழைய இடத்தையே, அதாவது செடிக்கொடி போய்ச் சேருற இடத்தையே, நினைவில வைச்சிருக்கும், நீங்கள் நேரா வோர்ப் அறைக்கு (வேற உலகத்துக்குத் தாவுற குழாய் இருக்கிற இடம்) போவீங்கள். தள்ளினது காணாட்டி நாணயம் இருக்கிற அறைக்குள்ள விழுவீங்கள். அப்ப குழாயில பிழையில்லை, மோதினதிலதான் பிழை. 5:40 க்குக் கீழ வந்தாப் பிறகு இதுக்கு ஒரு கிழமை ஒதுக்குங்கோ.

இப்ப இண்டைக்கு இரவு 8-4 இலயிருந்து தொடங்குங்கோ, பிறகு 8-3, பிறகு 8-2 எண்டு பின்பக்கமா வாங்கோ. 8-4 இல பஸ் கணக்கு இல்லை. கட்ட முடிவில இருக்கிற கோடரியைத் தொட்ட பிரேமோட நேரம் நிக்கும், அங்க மட்டும் ஒவ்வொரு பிரேமும் உங்கட கணக்கில விழும். எந்தக் குழாயுக்குள்ள இறங்குறது எண்டதைப் பாடமாக்குங்கோ. பிழையான குழாயெடுத்தால், இல்லாட்டிச் சரியான குழாயைத் தவறவிட்டுத் தாண்டிப் போனால், வந்த பாதையையே திரும்ப ஓடவேண்டி வரும்.