டீப் பர்ப்பிள், பர்மிங்காம் 1993: இது கச்சேரி வீடியோவா, பஞ்சாயத்து வீடியோவா?

பழைய நாடா:
ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த 'கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்' டிவிடியை நேற்று ராத்திரி ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். தெரியாதவர்களுக்காக: டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழு தொடங்கி 25 வருடம் ஆன கணக்கில் போன சுற்றுப்பயணம், 1993 நவம்பர் 9, பர்மிங்காம் என்.இ.சி. அரங்கம். பாட்டுக்குக் கில்லன், கிட்டாருக்குப் பிளாக்மோர், ஆர்கனுக்கு லார்ட், பாஸ் கிட்டாருக்குக் குளோவர், டிரம்ஸுக்குப் பெய்ஸ் என்று அந்தப் பழைய ஐந்து பேரும் மேடையில். இவர்களுடைய 1972 ஜப்பான் கச்சேரிப் பதிவான 'மேட் இன் ஜப்பான்' கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் எவ்வளவு ஆசையோடு உட்கார்ந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'ஹைவே ஸ்டார்' தொடங்குகிறது. பெய்ஸ் அடிக்கிறார், ஆர்கன் ஏறுகிறது, கில்லன் பாட ஆரம்பித்துவிட்டார், கிட்டார் எங்கே? இருக்க வேண்டிய இடத்தில் ஆளே இல்லை. கிட்டார் சோலோ வரும் நேரத்துக்குத்தான் பிளாக்மோர் வந்து சேர்கிறார். வந்தவர் வாசிப்போடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை, கேமராக்காரர் பக்கம் தண்ணீரை வேறு வீசுகிறார். சரி, ஏதோ கோபம், அடுத்த பாட்டில் சரியாகிவிடும் என்று பார்த்தால், நடு நடுவே பாட்டை விட்டுவிட்டு மற்ற நான்கு பேரின் பேட்டி. ஒரு பாட்டு முடிகிறது, ஒரு புலம்பல், மறுபடி ஒரு பாட்டு. கச்சேரி பார்க்க உட்கார்ந்தவனைக் குடும்பச் சண்டைக்கு நடுவராக்கிவிட்டார்கள்.

எட்டே நாளில், நவம்பர் 17 ஹெல்சின்கி கச்சேரியோடு பிளாக்மோர் குழுவை விட்டுப் போனார், திரும்பவே இல்லை. அது தெரிந்துதான் பார்த்தேன். ஆனாலும் இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?

ஆறாம் தந்தி:
நாடா அண்ணே, நீங்கள் கதையைத்தான் பார்த்திருக்கிறீர்கள், வாசிப்பைக் கேட்கவில்லை. நான் 20 வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன், சும்மா ரசிகன் வாயால் சொல்லவில்லை. அந்த ராத்திரியின் 'அன்யா' பாட்டை ஒருமுறை தனியாகக் கேளுங்கள். கோபமாக இருக்கும் பிளாக்மோர் வேறு ஆள், அவருடைய கை அன்றைக்கு ஒரு சுரத்தையும் சும்மா தொட்டுவிட்டுப் போகவில்லை. வழக்கமாக வாசிப்பதை அப்படியே ஒப்பிக்கிற வேலையை அவர் 1970களிலேயே செய்ததில்லை, நல்ல நாளில் சொர்க்கம், கெட்ட நாளில் திண்டாட்டம், அதுதான் அவர்.

அப்புறம் கேமராக்காரர் விஷயம். மேடை மேலேயே ஒருவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கிட்டார்காரரின் முகத்துக்கு நேரே நின்றால், டிக்கெட் வாங்கி முன்வரிசையில் நிற்பவன் எதைப் பார்ப்பான்? கேமராக்காரரின் முதுகைத்தான். பிளாக்மோர் செய்தது முரட்டுத்தனம், மறுக்கவில்லை. ஆனால் நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது.

தாமதமாக வந்தவள்:
முன்வரிசைக்காரன் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் முதல் பாட்டுக்கே மேடைக்கு வந்திருக்கலாமே! கேமராக்காரரின் முதுகாவது ஒரு முதுகு, அதுவரை கிட்டார் பக்கம் வெறும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் நாடா சாரிடமும் ஒரு கேள்வி. 1974 ஏப்ரல் 6, கலிஃபோர்னியா ஜாம் என்ற திறந்தவெளி ராக் விழா. லட்சக்கணக்கான கூட்டம், தொலைக்காட்சிப் படப்பிடிப்பு, இதே பிளாக்மோர் கிட்டாரால் கேமராவைக் குத்திக் கிழித்தார், ஆம்ப்ளிஃபயரைக் கொளுத்தினார். அதை 'ராக் வரலாற்றின் மகத்தான தருணம்' என்று இங்கேயே எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்? அப்போது 28 வயது, ஒல்லியாக, கறுப்பு உடையில் அழகாக இருந்தார், அதனால் கலகம். 1993இல் 48 வயது, அதனால் கிழட்டுக் கோபம். செய்த வேலை ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால் தண்ணீர் எவ்வளவோ பரவாயில்லை.

பழைய நாடா:
நல்ல கேள்விதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை அம்மா. கலிஃபோர்னியாவில் கேமரா உடைந்தபோது பின்னால் இசை எரிந்துகொண்டிருந்தது. கில்லன், குளோவர் இடத்துக்குப் பாடகர் கவர்டேலும் பாஸ் கிட்டார்காரர் ஹியூஸும் வந்த புதிது, ஐந்து பேரும் ஒரே பக்கம் நின்றார்கள், ஒரே குழுவாகப் பார்ப்பவனை மிரட்டினார்கள். பர்மிங்காமில் ஒருவர் நான்கு பேருக்கு எதிராக நிற்கிறார், நான்கு பேரும் அவர் இல்லாத இடத்தில் பதில் சொல்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எடிட்டர் மேசை:
நான் கச்சேரிப் படப்பிடிப்பில் வேலை பார்ப்பவன், அதனால் உங்கள் சண்டையில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வீடியோவைக் கெடுத்தது பிளாக்மோர் பாதி, வெட்டி ஒட்டியவர்கள் பாதி.

மேடைக்குக் கேமராக்காரரை ஏன் அனுப்புகிறோம்? அரங்கத்தின் பின்னாலிருந்து நீள லென்ஸ் வைத்து எடுத்தால் ஆள் முகம் கிடைக்கும், ஆனால் இடது கை விரல் தந்தியில் எங்கே அழுத்துகிறது என்பது மைக் ஸ்டாண்டு, ஸ்பீக்கர், பக்கத்தில் நிற்பவரின் தோள் எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விடும். விரலைக் காட்ட வேண்டும் என்றால் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். ஆறாம் தந்தி, நீங்களே கிட்டார்காரர், விரல் தெரியாத வீடியோவை எத்தனை தடவை பார்ப்பீர்கள்? ஆக கேமராக்காரர் நின்றது அவருடைய திமிரால் அல்ல, உங்களுக்காகத்தான். ஆனால் இதையெல்லாம் கச்சேரிக்கு முன்னால் மேடையில் கோடு போட்டுப் பேசி முடிக்க வேண்டும், இதைத் தாண்டி வராதே, இந்தப் பாட்டில் வராதே என்று. நான் இப்படி ஒரு முறை மாட்டிக்கொண்டேன். பாடகரிடம் யாரோ பேசிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன், நான் பேசிவிட்டேன் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டாம் பாட்டில் என் லென்ஸ் மேல் துண்டு வந்து விழுந்தது. அந்தத் துண்டின் நூல் நூலாக இருந்த க்ளோசப் 40 வினாடி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்து வெட்டும் மேசை. கச்சேரி வீடியோவில் பாட்டை விட முக்கியமானது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் நேரம் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். கைதட்டல் அடங்குவது, யாரோ தந்தியைச் சரிசெய்வது, டிரம்ஸ்காரர் துண்டால் முகம் துடைப்பது, இருட்டில் அடுத்த பாட்டின் முதல் சுரம், அந்த இடத்தில்தான் பார்ப்பவன் அரங்கத்துக்குள் இருக்கிறான். அங்கே பேட்டியை நுழைத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் அவனை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே கூப்பிடுகிற மாதிரி. பேட்டியை எடுத்துக் கடைசியில் தனியாகச் சேர்த்திருந்தால் நாடா சார் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டார்.

ஆறாம் தந்தி:
மேசை சார், விரல் விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். பேட்டி விஷயத்தில் நீங்கள் என் கட்சி. போன ஆளைப் பற்றி இருப்பவர்கள் மட்டும் பேசினால் அது என்ன நியாயம்? அவர் பக்கம் ஒரு வார்த்தை இல்லை. அதையும் பணம் கொடுத்து வாங்கினோம்.

தாமதமாக வந்தவள்:
அவர் பக்கத்தைத்தான் தண்ணீராகச் சொல்லிவிட்டாரே.

சரி, எல்லோரும் பிளாக்மோரையே பிடித்துத் தொங்குகிறீர்கள், கில்லனின் குரலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 'மேட் இன் ஜப்பான்' தட்டில் இருக்கும் 'சைல்டு இன் டைம்' 1972 ஆகஸ்ட் 16 ஒசாகாவில் பதிவானது. அவருடைய 27ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. அந்த வயதில் தொண்டையைக் கிழித்துக் கூவிய பாட்டை 48 வயதில் அதே உச்சியில் கூவு என்றால் எங்கே போவார்? 1993 பயணத்தின் பதிவுகளில் அந்த உச்சி இடங்களில் மூச்சு எவ்வளவு முட்டுகிறது என்று கேளுங்கள். குரல்நாண் தசையும் சவ்வும்தானே, தந்தி அறுந்தால் புதிதாக மாட்டலாம், இதை மாட்ட முடியுமா? பிளாக்மோரின் கோபத்தை மன்னிக்கிறவர்கள் கில்லனின் தொண்டையை மன்னிக்கவே மாட்டேன் என்கிறீர்கள், அவர் அந்தப் பாட்டைப் பின்னாளில் கச்சேரியில் பாடுவதையே விட்டுவிட்டார், அதுதான் மரியாதை.

பழைய நாடா:
கில்லனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! குரல் தேய்வது வேறு, மனது வராமல் மேடை ஏறுவது வேறு. அவர் அன்றைக்கு முழு மூச்சோடு பாடினார், கிடைத்த குரலில் பாடினார். எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை.

கில்லனே இந்த ராத்திரியை என்ன நினைத்தார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இதே பர்மிங்காம் கச்சேரியின் ஒலித்தட்டு 2007இல் தனியாக வந்தபோது, தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள், என் வாழ்க்கையின் மிகக் கீழான கட்டங்களில் ஒன்று அது என்ற பொருளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார், வெளியிட்ட நிறுவனமும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. பாடியவரே வாங்காதே என்று கெஞ்சிய தட்டு உலகத்தில் எத்தனை இருக்கும்?

ஆறாம் தந்தி:
வாங்காதே என்று சொன்னால்தான் நான் வாங்குவேன், அது வேறு விஷயம்.

இன்னொன்று. அவர் வெட்கப்பட்டது அந்த நாளின் மனநிலையைப் பற்றி, வாசிப்பைப் பற்றி அல்ல என்பது என் அபிப்பிராயம். பாடுகிறவனுக்கு மேடையில் நடந்தது ஞாபகம் இருக்கும், எனக்கு ஸ்பீக்கரில் வந்தது மட்டும்தான். அவர் அதைக் கேட்டால் சண்டை கேட்கும், எனக்கு 'லேஸி' பாட்டில் பெய்ஸின் ஷஃபிள், அந்த ஊஞ்சலாடும் டிரம்ஸ் தாளம், கேட்கிறது.

புதுக்காது:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தவிர எதுவும் கேட்டதில்லை. இந்தக் குழுவைத் தெரிந்துகொள்ள இந்த வீடியோவில் தொடங்கலாமா?

தாமதமாக வந்தவள்:
தம்பி, ஓடிவிடு.

எடிட்டர் மேசை:
தொடங்க வேண்டாம். முதலில் 'மேட் இன் ஜப்பான்', படம் இல்லை, ஒலி மட்டும்தான், அது போதும். பிறகு 1974 கலிஃபோர்னியா. 1984இல் பர்மிங்காம் மேடையில் இருந்த அதே ஐந்து பேர் மறுபடி சேர்ந்தார்கள், 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தட்டைக் கேளுங்கள். பர்மிங்காமைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1993 பயணத்திலேயே நல்லதாக வேண்டும் என்றால், அக்டோபர் 16 ஸ்டுட்கார்ட் கச்சேரியின் ஒலிப்பதிவு இருக்கிறது. ஒரு மாத இடைவெளிகூட இல்லை, அதே ஆட்கள்தான், அங்கே ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்கிறார்.

பழைய நாடா:
மேசை சார் சொன்ன கடைசி வரிதான் நான் முதல் பதிவில் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் விட்டது. பிளாக்மோர் நன்றாக வாசித்தார் என்பதில் ஆறாம் தந்தியோடு எனக்குச் சண்டை இல்லை. லார்டும் நன்றாக வாசித்தார். லார்ட் ஒன்று சொல்ல, பிளாக்மோர் அதைத் திருப்பிக் கேட்க, பெய்ஸ் நடுவில் சிரிக்கிற மாதிரி ஒரு அடி அடிக்க, அதுதானே டீப் பர்ப்பிள். பிளாக்மோர் போன பிறகு அந்த டிசம்பர் ஜப்பான் கச்சேரிகளுக்குக் கிட்டார் வாசிக்க ஜோ சாட்ரியானி வந்தார், 1994இல் ஸ்டீவ் மோர்ஸ் வந்து 28 வருடம் இருந்தார். வேறு ருசிதான், பிளாக்மோருக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஆறாம் தந்தி:
முகத்தைப் பார்த்துக்கொண்டே 28 வருடம் வாசித்தும், மேடை ஏறினால் கூட்டம் கேட்டது என்னவோ அந்தக் கோபக்காரர் போட்ட ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரியைத்தான் அண்ணே.

தாமதமாக வந்தவள்:
இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, கோபமாக வருகிறது.

பழைய நாடா:
இன்று காலை ஒரு வேலை செய்தேன். டிவியை அணைத்துவிட்டு, ஒலி மட்டும் ஸ்பீக்கரில் போட்டு, 'ஹைவே ஸ்டாரை' முதலிலிருந்து கேட்டேன். கிட்டார் இல்லாத அந்தப் பகுதி முழுக்க ஆர்கன் ஒற்றை ஆளாகச் சுமக்கிறது. கண்ணால் பார்த்தபோது காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவே இல்லை. லார்ட் 2012இல் போய்விட்டார். அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காக டிவிடியை வைத்துக்கொள்கிறேன், தூக்கிப் போடவில்லை.

ஆறாம் தந்தி:
அதுவும் பிளாக்மோர் லேட்டாக வந்த புண்ணியம்தான்.

பழைய நாடா:
உன்னைத் திருத்தவே முடியாதுடா.