தீராத வலிக்கு கேட்டமைன்னு ஒரு மயக்க மருந்தை டிரிப்ஸ்ல ஏத்திக்கிட்டவங்க இருக்கீங்களா? உங்களுக்கு என்ன ஆச்சு?

எரியும்கை:
சிஆர்பிஎஸ் (அடி ஆறினப்புறமும் அடங்காம எரியுற வலி நோய்), வலது கை, மணிக்கட்டு உடைஞ்சு கட்டு பிரிச்சதுல இருந்து. அதுக்கு முன்னாடி கதையெல்லாம் எழுதல, இங்க எல்லாரும் அதே பிரீகேபலின் நரம்பு வலி மாத்திரை, நரம்பை மரத்துப்போக வைக்கிற அதே நெர்வ் பிளாக் ஊசி, அதே பிசியோ வழியாத்தான் வந்திருப்பீங்க. டிரிப்ஸ் தினம் 4 மணி நேரம், 10 நாள். நாலாவது நாளா அஞ்சாவதா ஞாபகம் இல்ல, கண்ணத் தொறந்து பாக்குறேன், போர்வை என் கை மேல கெடக்கு. குளிருமேன்னு நர்ஸ் போத்திவிட்டுட்டுப் போயிருக்காங்க. ஒன்றரை வருஷமா ஃபேன் காத்து பட்டாலே தீ வச்ச மாதிரி இருந்த கை, சட்டையெல்லாம் கையை வெட்டிட்டுத்தான் போட்டுட்டு இருந்தேன். போர்வை கெடக்கு, எரியல. இடது கையால தொட்டுப் பாத்தேன், அந்த மருந்துல உடம்பே நம்மளது இல்லாத மாதிரி இருக்கும்ல, அதனால வலி போயிடுச்சா இல்ல கையே போயிடுச்சான்னு ஒரு நிமிஷம் புரியல. 9 வாரம் நல்லா இருந்தேன். பத்தாவது வாரம் ஒரு ராத்திரி போர்வை திரும்ப சுட்டுச்சு. மறுபடி போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல.

பக்கத்துநாற்காலி:
நான் பேஷண்ட் இல்ல, கூட உக்காந்திருந்தவன். மனைவிக்கு நரம்பு வலி, காலு. ஏத்த ஆரம்பிச்சு 20 நிமிஷம் இருக்கும், கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல ஆடுது, அப்படி ஆடும்னு யாரும் சொல்லி வைக்கல, நான் வெலவெலத்துப் போயிட்டேன். அப்ப என்னையே பாத்து, எப்பவும் "ஏங்க"ன்னு கூப்பிடுறவ, ரொம்ப மரியாதையா "சார், எங்க வீட்டுக்காரர் வெளிய உக்காந்திருப்பாரு, நான் செத்துட்டேன்னு அவர்கிட்ட மெதுவா சொல்லிடுங்க, பயந்துக்குவாரு"ன்னா. நான் சரிம்மான்னேன். வேற என்ன சொல்றது. நர்ஸ் பம்ப்பைக் குறைச்சு மிடசோலம்னு தூக்க மருந்து போட்டாங்க, தூங்கிட்டா. எழுந்தப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல அவளுக்கு, வலி பாதி குறைஞ்சிருக்குன்னு சந்தோஷமா அடுத்த ரவுண்டுக்கு நாள் குறிச்சிட்டா. இதை அவகிட்ட சொல்லலாமா கூடாதா?

நேர்பேச்சு:
எல்லாரும் தைரியசாலிங்கதான். குதிரைக்குப் போடுற மயக்க ஊசி அது. எனக்கு 6 வருஷமா முதுகு, டாக்டர் சொன்னாரு, போனேன், கையெழுத்துப் போடுற ஃபாரத்துல ஆஃப் லேபிள்னு ஒரு வரி. பேனாவை மேஜையில வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். வந்தது சரியா தப்பான்னு இன்னும் ராத்திரி ஓடுது, ஆனா வந்துட்டேன்.

தண்டுவடம்44:
குதிரை ஊசிங்கிறதை முதல்ல நிறுத்துங்க நேர்பேச்சு. 1962ல உருவாக்கினது, 1970ல அமெரிக்காவுல மனுஷங்களுக்குத்தான் அனுமதி குடுத்தாங்க, வியட்நாம் போர்ல காயம்பட்டவங்களுக்குப் போட்டாங்க, ஏன்னா மத்த மயக்க மருந்து மாதிரி மூச்சையும் பிபியையும் அமுக்காது. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. ஆஃப் லேபிள்னா திருட்டுத்தனம் இல்லீங்க, அந்த நோய்க்குன்னு தனியா அனுமதி வாங்கலன்னு அர்த்தம், அவ்வளவுதான். விஷயம் என்னன்னா காயம் ஆறினப்புறமும் தண்டுவடம் வலி சவுண்டைக் குறைக்காம ஏத்திக்கிட்டே போகும், அதுல நரம்புல வலி சிக்னலை வாங்குற என்எம்டிஏ ரிசெப்டாருக்குப் பெரிய பங்கு, கேட்டமைன் அதைத்தான் அடைக்குது. போறவங்க கேட்டுக்கோங்க: பிபி கட்டுக்குள்ள இல்லன்னா, மனநோய்ல மாயக்குரல் கேக்குற தொந்தரவு இருந்தா, கல்லீரல் மோசமா இருந்தா முன்னாடியே சொல்லிடணும், மறைக்காதீங்க. சாப்பிடாம வரச்சொன்னா சாப்பிடாம போங்க, வாந்தி வரும், அதை நிறுத்துற ஆண்டான்செட்ரான் மருந்து கேட்டு வாங்குங்க. கண்ணுக்கு இருட்டா ஒரு துணி கட்டிக்கோங்க, லைட்டு ஆகாது. ஆக்சிஜன், பிபி, இசிஜி மானிட்டர் மாட்டாம ஏத்துறேன்னா அங்க படுக்காதீங்க. அன்னைக்கு வண்டி ஓட்டவே கூடாது, எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்து வேண்டாம். திரும்பத் திரும்ப ஏத்துறவங்க ஒண்ணுக்கு அடிக்கடி வருதா, எரியுதான்னு கவனிங்க, மூத்திரப்பையைக் கெடுக்கும், லிவர் டெஸ்ட்டும் பாத்துக்கணும். எனக்கா? எனக்கு ரெண்டு நாள்தான் கேட்டுச்சு.

ஊமைவலி:
ரெண்டு நாள் கேட்டவர் இவ்ளோ வக்காலத்து வாங்குறாரே. நான் கேக்கவே இல்ல இந்த அட்வைஸ் எல்லாம். 2018ல அமெரிக்க வலி மருத்துவ, மயக்க மருத்துவ சங்கங்க சேர்ந்து போட்ட வழிகாட்டியில சிஆர்பிஎஸ்க்கே 12 வாரம் வரைக்கும்தான் வலி குறையும், அதுவும் ஆதாரம் வலு கம்மின்னுதான் எழுதியிருக்கு. எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பு பூரா வலிக்கிற நோய், அதுக்கு அது கூட இல்ல, தெரிஞ்சேதான் போனேன், வேற வழி? மூணாவது நாள் முடிஞ்சு நர்ஸ் வந்து வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்க. எட்டு. எட்டேதான், காலையில இருந்த அதே எட்டு. அந்தப் பொண்ணு முகத்துல அவ்வளவு ஆசை, பேப்பர்ல பேனாவை வச்சுக்கிட்டு நிக்குது, நான் "அஞ்சு"ன்னுட்டேன். அது சிரிச்சுக்கிட்டே எழுதிட்டுப் போச்சு. டாக்டர் வந்து ரெஸ்பான்ஸ் இருக்கேன்னு இன்னும் ரெண்டு நாள் போட்டாரு. அந்த அஞ்சு இப்பவும் என் ஃபைல்ல இருக்கு.

தண்டுவடம்44:
வக்காலத்து இல்லம்மா, விஷயம். நம்பரை மாத்திச் சொன்னா யாருக்கு நஷ்டம்? அடுத்த தடவை உண்மையச் சொல்லுங்க.

ஊமைவலி:
அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்ல சார்.

எரியும்கை:
நாற்காலி அண்ணே, சொல்லிடுங்க. நான் என்னென்னமோ உளறினேன்னு எங்கம்மா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னாங்க, ரெண்டு மாசமா என் முகத்தையே ஒரு மாதிரி பாத்துட்டு இருந்தாங்க, அதுதான் எனக்கு ஆகல. ஆனா ரவுண்டு முடிஞ்சப்புறம் சொல்லுங்க, முன்னாடி சொன்னா அந்த பயத்தோடயே படுப்பாங்க, பயத்தோட படுத்தா உள்ள போறதும் பயமாத்தான் இருக்கும்.

பக்கத்துநாற்காலி:
வியாழக்கிழமை போறோம். இன்னும் சொல்லல. ஒரு யோசனை, இந்தத் தடவை நான் நெஜமாவே வெளிய உக்காந்துடவா? அங்கதான நான் இருக்கேன்னு அவ நெனச்சிருந்தா.