அம்மா நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார், வயசா அல்சைமரா?

கோவைக்காரி:
அம்மாவுக்கு 76. என் கல்யாணத்தில் பெரிய மாமா மோதிரம் போட்டார் என்று அடித்துச் சொல்கிறார். மாமா அதற்கு முந்தின வருஷமே தவறிவிட்டார். ஆல்பத்தைக் காட்டினால் "போட்டோக்காரன் விட்டிருப்பான்" என்கிறார். சமையல், மாத்திரை, பென்ஷன் கணக்கு எல்லாம் தானேதான் பார்க்கிறார். பெரியம்மாவுக்கு அல்சைமர் இருந்தது, அதனால் பயமாக இருக்கிறது.

உளவியல் வாத்தியார்:
இது ஒன்றை மட்டும் வைத்து அல்சைமர் என்று முடிவு கட்டாதீர்கள். ரோடிகர், மெக்டெர்மாட் 1995இல் செய்த சோதனை இது: படுக்கை, கனவு, களைப்பு, கொட்டாவி என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டுத் திருப்பி எழுதச் சொன்னால், கல்லூரிப் பிள்ளைகளே ஏறக்குறைய பாதித் தடவை, சொல்லவே சொல்லாத 'தூக்கம்' என்பதையும் சேர்த்து எழுதினார்கள், அதுவும் காதால் கேட்டேன் என்கிற உறுதியோடு. வயதானால் விவரம் தேயும், சாரம், அதாவது மொத்தத்தில் எதைப் பற்றியது என்பது, தங்கும். தாய்மாமன் மோதிரம் போடுவது நம் வழக்கம்தானே, அம்மாவின் மனசு அதை வைத்து நிரப்பிக்கொண்டிருக்கலாம்.

அல்சைமரில் கதை வேறு. அந்தச் சாரமே சரியாகப் பதியாததால், பட்டியலை ஒரே தடவை வாசித்துக் காட்டினால் அவர்களுக்கு இந்தப் பொய் நினைவு மற்ற முதியவர்களைவிடக் குறைவு. ஆனால் பட்சன், ஷாக்டர் ஆய்வுக் குழு 2000இல் அதே பட்டியலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது இளைஞர்களுக்குத் தவறு குறைந்தது, நோயாளிகளுக்கு ஏறியது! சாரம் மெல்லச் சேர்கிறது, ஆனால் 'இது பட்டியலில் இல்லை' என்று தடுக்கத் தேவையான விவரம் சேர்வதில்லை.

ரிடயர்டு தாத்தா:
என் வீட்டுக்காரிக்கு இந்த நோய்தான். வளையலைப் பருப்பு டப்பாவில் வைத்துவிட்டு, வேலைக்கார அம்மா எடுத்துவிட்டாள் என்று ஒரே சத்தம். வாதாடிப் பார்த்தேன், கோபம்தான் மிச்சம். இப்போதெல்லாம் "வாம்மா, சேர்ந்து தேடலாம்" என்பேன். பழைய கதை மாறுவதைவிட, காலையில் சாப்பிட்டது மறப்பது, தெரிந்த தெருவில் வழி தப்புவது, பணக்கணக்கு குழம்புவது, இதையெல்லாம் கவனியும்மா.

கோவைக்காரி:
அப்படி எதுவும் இல்லை ஐயா. இருந்தாலும் டாக்டரிடம் காட்டலாமா?

நர்ஸ் அக்கா:
காட்டுங்க, தப்பில்லை. ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்க, தூக்க மாத்திரை போடுகிறாரா என்பதையும் மறக்காமல் சொல்லணும். திடீரென்று ஓரிரு நாளில் குழம்பிப் பேச ஆரம்பித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கும், அன்றைக்கே கூட்டிப் போங்க. மோதிர விஷயத்தை விட்டுடுங்க, மாமா போட்டதாகவே இருக்கட்டும்.