மறு: ‘டெலிவரபிலிட்டி’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மின்னஞ்சல் மென்பொருளின் தமிழாக்கக் கோப்பை வெள்ளி இரவுக்குள் ஏற்றியாக வேண்டும். அதில் வரும் ‘டெலிவரபிலிட்டி’க்கு, அதாவது அனுப்பிய மடல் பெறுபவர் கண்ணில் படும் பெட்டிக்குப் போய்ச் சேரும் தன்மைக்கு, நான்கு நாளாகப் பேசியும் தமிழ்ச் சொல் அமையவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் ஐயா ‘சேர்ப்பு’ என்கிறார். சேர்ப்பு நெய்தல் நிலம், சேர்ப்பன் அதன் தலைவன், கடலோரத்து ஆட்களான நமக்கு இதைவிடப் பொருத்தம் ஏது என்று தேவனாம்பட்டினம் மணல்வரை கூட்டிப்போனார். ரசித்துப் படித்தேன். ஆனால் ஐயா, சேர்ப்பு பிறவினைவழிப் பெயர். கொண்டுபோய்ச் சேர்ப்பவர் ஒருவர் வேண்டும். நம் சிக்கலோ மடல் தானாகச் சேர்ந்ததா என்பது. தம்பி சொன்ன ‘எய்துதிறன்’ வகுப்பில் நிற்காது. ‘எய்த மடல்’ என்றால் பிள்ளைகள் அம்பைத்தான் நினைப்பார்கள்.

லாஸ்பேட்டையில் என் மாலை வகுப்புக்கு வரும் பெண் ஒருத்திக்கு நேர்முக அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. பதினொரு நாள் எரிதப் (ஸ்பேம்) பெட்டியில் கிடந்தது. தேதி போயிற்று. அனுப்பிவிட்டோம் என்றார்கள், அதுவும் உண்மை. போனை நீட்டி, “வாட்ஸ்அப்ல ரெண்டு டிக் வருது சார், இதுல ஏன் ஒண்ணுமே வரல?” என்றாள். இரவெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வாட்ஸ்அப்பில் இரு முனையும் ஒரே நிறுவனத்தின் கையில். மின்னஞ்சல் அப்படியில்லை. 1982இல் வகுத்த எஸ்.எம்.டி.பி. என்ற மடல் அனுப்பும் முறையில், பெறும் வழங்கி (சர்வர்) ‘250’, அதாவது ‘சரி’, என்று பதில் தந்தால் அனுப்பியவர் வேலை முடிந்தது. அப்புறம் அது மடலை எந்தப் பெட்டியில் போட்டது என்று அனுப்பியவருக்குத் தகவல் வராது. ஆகவே நமக்கு இரண்டு சொல் வேண்டும். வழங்கி வாங்கிக்கொள்வது பட்டுவாடா. ஆள் கண்ணில் படும் இடத்துக்கு வருவது சேர்வு. வரும் என்று நம்பக்கூடிய அளவு ‘சேர்வுறுதி’.

பட்டுவாடா தமிழல்ல என்று நெய்வேலி அம்மா கடுமையாக எழுதியிருக்கிறார். தெரியும் அம்மா. ஆனால் தபால் பட்டுவாடா என்றால் புரியாத வீடு நம் பக்கத்தில் உண்டா? ‘ஒப்படைப்பு’ போட்டால் பிள்ளைகள் வீட்டுப்பாடம் என்று நினைப்பார்கள்.

இது நம் குழுவுக்கும் வந்த நோய்தான். மடல் உண்மையில் அந்த முகவரிக்கு உரிய இடத்திலிருந்துதான் வந்ததா என்று சோதிப்பது டிமார்க். 2014 ஏப்ரலில் யாஹூ அந்த விதியை இறுக்கியபோது மடற்குழுக்கள் பல தடுமாறின. மடலின் தலைப்பில் குழுப் பெயரைச் சேர்த்தாலே, அனுப்பியவரின் வழங்கி மடலில் இட்ட மின்கையொப்பம் பொருந்தாமல் போகும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கும் டிமார்க் கட்டாயம். ஐயாவின் முந்தாநாள் மடலை நானே இன்று காலை எரிதத்திலிருந்துதான் எடுத்தேன்.

சேர்வுறுதிக்கு இதுவரை ஐவர் சரி என்றிருக்கிறார்கள். ஐயா இன்னும் சேர்ப்பிலேயே நிற்கிறார், அம்மா பட்டுவாடாவை ஏற்கவில்லை. வெள்ளி மாலை ஆறு மணிவரை பார்க்கிறேன். எழுதுகிறவர்கள் குழுவுக்கு மட்டும் அல்லாமல் எனக்குத் தனியாகவும் ஒரு படி அனுப்புங்கள்.